இது வைக்கோல் போரா, கதிர்ப் போரா? படம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கட்டுத்தரை, கொழிஞ்சாம்பாறை பக்கம்:

வணக்கமுங்க. நான் ஓவியம் படிச்சவன் இல்லைங்க. கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவுல ரெண்டரை ஏக்கர் வயல், நாலு மாடு, அம்பது தென்னை. மக திருச்சூர்ல ஓவியம் படிக்குது. ஓணம் லீவுக்கு வந்தப்ப, பழைய காலண்டர்ல இருந்து ரெண்டு படத்தை வெட்டியெடுத்து, கட்டுத்தரையில தீவனத் தொட்டிக்கு மேல சுவத்துல ஒட்டிட்டுப் போயிருச்சு. "அப்பா, இது உங்களுக்குத்தான். பால் கறக்கறப்ப பாருங்க"ன்னு சொல்லுச்சு. ரெண்டும் குளோத் மோனேங்கிற பிரெஞ்சு ஓவியர் வரைஞ்சது.

அன்னையில இருந்து காலைல அஞ்சு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் அந்தப் படத்துக்கு நேரா உக்காந்துதான் கறக்கறேன். மூணு மாசம் ஆச்சு. பாக்கப் பாக்க சந்தேகம் கூடுது. அதனாலதான் இங்க எழுதறேன்.

ஒரு படத்துல ரெண்டு போர். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. பின்னால மரவரிசை, வீட்டுக் கூரை, அதுக்கும் பின்னால குன்று. இன்னொண்ணுல ஒத்தைப் போர் மட்டும், சுத்தியும் பனி கொட்டிக் கிடக்குது.

போர்னு சொன்னா வைக்கோல் போர்னுதான் நீங்க எடுத்துக்குவீங்க. நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். ஆனா அது வைக்கோல் மாதிரி தெரியலைங்க. ஏன்னு சொல்றேன்.

எங்கய்யன் போர் போடறதுல பேர் வாங்கினவரு. பக்கத்துக் களத்துல இருந்தெல்லாம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. முதல்ல கல்லைப் பரப்பி, அது மேல பனைமட்டையைக் குறுக்கும் நெடுக்கும் போடுவாரு. கரையான் ஏறக் கூடாது, தரையீரம் ஏறக் கூடாது. நடுவுல ஒரு பாக்கு மரத்தை நட்டு, அதைச் சுத்தி வட்டமா ஏத்திக்கிட்டே போவாரு. பசங்க நாங்க மேல ஏறி மிதிக்கோணும். நடு எப்பவும் ஓரத்தைவிட உசரமா இருக்கோணும், இல்லைன்னா மழைத்தண்ணி உள்ள வடிஞ்சிரும். உள்ள ஈரம் நின்னா போர் கொதிக்கும். எங்கய்யன் முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டுப் பாத்துட்டு, சூடு இருந்தா பாதிப் போரைப் பிரிச்சுக் காயப் போட்டுருவாரு. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கார்த்திகையில ஆரம்பிச்சா தை முடிய விடாது. அதனால வைக்கோல்லயே பிரி திரிச்சு உச்சியில இருந்து நாலு பக்கமும் இறக்கி, நுனியில கல்லைக் கட்டித் தொங்க விடுவாரு. இவ்வளவு பண்ணியும் எங்க போர் பன்னெண்டு அடி தாண்டினதில்லை. தினமும் மாட்டுக்கு உருவ உருவ ஒரு பக்கம் குடைஞ்சு போயி, ஆறு மாசத்துல காளான் மாதிரி நிக்கும்.

படத்துல இருக்கிறது அப்படியில்லைங்க. பக்கம் சுவர் மாதிரி எந்திரிச்சு நிக்குது. அதுக்கு மேல தனியா ஒரு கூம்புக் கூரை, குடிசைக்கு மேயற மாதிரி மேஞ்சது. மாட்டுத் தீவனத்துக்கு யாருங்க அவ்வளவு பாடுபட்டு கூரை மேய்வாங்க? பனிப் படத்துலயும் கொறையாம முழுசா நிக்குது. உருவின தடமே இல்லை. யாரோ கைவைக்காம வெச்சிருக்காங்க. எதுக்கு?

ரெண்டாவது, நிழல். போரோட நிழல் கருப்பா இல்லை. கத்திரிப்பூ நிறம், சில இடத்துல நீலம். மகளைக் கேட்டா "அப்படித்தான்ப்பா இருக்கும்"ங்குது. நாப்பது வருசமா வெயில்ல வேலை செஞ்சு நிழல்ல உக்காந்தவன் நான். கத்திரிப்பூ நிழலைப் பாத்ததில்லை.

மூணாவது, ஆளே இல்லை. அத்தனை பெரிய போரைப் போட பத்துப் பேராச்சும் வேணும். அவங்கெல்லாம் எங்க போனாங்க?

தெரிஞ்சவங்க வயக்காட்டுக்காரனுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.


தூரிகை, புளியரை:

அண்ணாச்சி, வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். செங்கோட்டைக்கு மேற்கே, வயல் முடிந்து ஆரியங்காவு மலை தொடங்குகிற இடத்தில் ஊர். இந்தப் படங்களை முப்பது வருடம் பிள்ளைகளுக்கு "வைக்கோல் போர்" என்றே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது தவறு என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டீர்கள். கூரையை வைத்தே பிடித்தீர்கள் பாருங்கள், அதுதான் சரியான தடம்.

அது கோதுமைக் கதிர்ப் போர். உள்ளே இருப்பது அடிக்காத கதிர்.

மோனே 1883-இல் ஜிவெர்னி என்ற ஊருக்குக் குடிவந்தார். நார்மண்டியில், ஏப்த் என்ற சிற்றாறு சேன் நதியில் சேருகிற இடத்துக்கு அருகில் இருக்கிற வேளாண்மைக் கிராமம் அது. வீட்டுக்குப் பக்கத்து வயலில்தான் இந்தப் போர்கள் நின்றன. அங்கே கோதுமை ஜூலை, ஆகஸ்டில் அறுப்பு. கட்டுக் கட்டி வயலிலேயே நிறுத்திக் காய வைத்து, பிறகு கதிர் உள்பக்கம், தாள் வெளிப்பக்கம் என்று வட்டமாக அடுக்குவார்கள். மழை விழுந்தால் தாள் வழியாக வெளியே வடிந்துவிடும், மணி நனையாது. அதற்கு மேல் வைக்கோலால் கூரை. உயரம் 15 அடியிலிருந்து 20 அடி வரை. உங்கள் ஐயா போட்ட போரைப்போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் உடனே அடிக்கவில்லை என்றால், அப்போது கதிரடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. நீராவியில் ஓடுவது. எல்லோராலும் வாங்க முடியாது. அது ஊர் ஊராகப் போகும். ஜூலையில் விளைந்த கோதுமைக்கு மிஷின் வந்து சேர மறு வருடம் மார்ச் மாதம்கூட ஆகிவிடும். அதுவரை குடும்பத்தின் சாப்பாடு, விதை, விற்றுக் காசாக வேண்டியது எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான். யாரும் கைவைக்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான். பனிக்காலத்திலும் முழுசாக நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

நம் தமிழில் இரண்டுக்கும் 'போர்' என்ற ஒரே சொல் இருப்பதால் எனக்கு அந்த மயக்கம் வந்தது. யானை கட்டிப் போரடித்த காலம் என்று சொல்கிறோமே, அடிக்கிற அந்தப் போர் கதிர்ப் போர்தான். வைக்கோலை அடித்து என்ன கிடைக்கும்? அந்தச் சொல்லை யோசித்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்கும்.

மோனே இந்த வரிசையை 1890 கோடை முடிவில் தொடங்கி 1891 வரை வரைந்தார். ஏறத்தாழ 25 படம். முதலில் இரண்டு கித்தான் (படம் வரைகிற துணி) போதும், ஒன்று வெயிலுக்கு, ஒன்று மூட்டத்துக்கு என்றுதான் நினைத்தாராம். வரைந்துகொண்டிருக்கும்போதே வெளிச்சம் மாறிவிட்டது. மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகள் பிளான்ஷ், அவரும் ஓவியர், வீட்டுக்கு ஓடி இன்னொரு கித்தான் எடுத்து வந்தார். பிறகு இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஒரே போர், வேறு வேறு நாழிகை. அந்த அக்டோபரில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பருவத்தில் சூரியன் சீக்கிரமாக இறங்கிவிடுகிறது, பின்னாலேயே ஓட முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார். 1891 மே மாதம் பாரிஸில் துராந்-ருயெல் காட்சிக்கூடத்தில் 15 போர்களை வரிசையாக மாட்டினார்கள். சில நாளில் எல்லாம் விற்றுப்போயின.

இனி நிழல். வெயில் படாத இடத்துக்கும் வெளிச்சம் வருகிறது, இல்லையா? வராவிட்டால் நிழலில் உட்கார்ந்து யாரும் முறம் பின்ன முடியாது. அந்த வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது. வானம் நீலம். அதனால் நிழலுக்குள் நீலம் இறங்குகிறது. பக்கத்தில் சாயங்கால மஞ்சள் வெயில் இருந்தால் நம் கண் அந்த நீலத்தை ஊதாவாக இன்னும் தள்ளும். தரை செம்மண்ணாக இருந்தால் மண்ணின் நிறம் அதை அமுக்கிவிடும். வெள்ளைமேல் விழுந்தால் பளிச்சென்று தெரியும். அவர்களுக்குப் பனி இருந்தது. உங்களுக்கு வேட்டி போதும். மேகமில்லாத நாளில், வெயில் இறங்குகிற நேரம், வெளுத்த வேட்டி ஒன்றைக் களத்தில் விரியுங்கள். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருக்கட்டும். கையைக் குழல்போலச் சுருட்டிக் கண்ணில் வைத்து நிழலை மட்டும் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

ஆட்கள் எங்கே என்ற கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசிக்கிறேன்.


ஏலக்காடு, கம்பம்மெட்டு:

இந்த வரிசையில் ஒரு படம் 14 மே 2019 அன்று நியூயார்க்கில் ஏலம் போனது. 11 கோடி டாலருக்கு மேல். அதே படத்தின் மீது 2022 அக்டோபரில் ஜெர்மனி போட்ஸ்டாம் நகர அருங்காட்சியகத்தில், பருவநிலை மாற்றத்துக்காகப் போராடுகிற இரண்டு பேர் உருளைக்கிழங்கு மசியலை வீசினார்கள். முன்னால் கண்ணாடி இருந்ததால் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இந்தப் படங்களைப் பற்றி அந்தச் செய்திகள் மட்டும்தான் தெரியும். உள்ளே கோதுமை இருந்தது என்பது இன்றுதான் தெரிகிறது. ஏலக்காய் காயப்போட்ட ஸ்டோருக்கு வெளியே ராத்திரி காவல் படுத்தவன் என்ற முறையில், அந்தப் போருக்குப் பக்கத்தில் ராத்திரி யார் படுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.


வாமி, நகரி பக்கம்:

அண்ணா, எங்க வீட்ல தமிழ், வெளியில தெலுங்கு. போரை இங்க வாமின்னு சொல்வாங்க. உங்க பக்கம் மலையாளத்துல துறுன்னு சொல்றதா ஒரு சிநேகிதி சொல்லியிருக்கா.

கதிர் உள்ளே தாள் வெளியேன்னு சார் எழுதினதைப் படிச்சதும் எனக்கு எங்க மாமியார் வீட்டு வேர்க்கடலை வாமிதான் ஞாபகம் வந்துச்சு. செடியைப் பிடுங்கிக் காயவெச்சு, காய் உள்பக்கம், கொடி வெளிப்பக்கமா வட்டமா அடுக்குவாங்க. காய் ஆய ஆள் கிடைக்கணும். எல்லா ஊர்லயும் ஒரே சமயத்துல கடலை பிடுங்கினா ஆளுக்கு எங்க போறது? ஒரு மாசம்கூட அப்படியே நிக்கும். வாமி நிக்கிற வரைக்கும் மாமியார் கயித்துக் கட்டிலைக் களத்துல போட்டு அங்கயேதான் படுப்பாங்க. பன்னி வரும், எலி வரும், ஆளும் வரும். கம்பம்மெட்டு அண்ணன் கேட்டதுக்கு எங்க ஊர்ப் பதில் இது.

இன்னொண்ணு சொல்லணும். எங்க மாமனாருக்குக் கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்டு வீட்டுக்கு வரமாட்டார். நேரா களத்துக்குப் போய் வாமியை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுப் போயிடுவார். எவ்வளவு உசரம், எவ்வளவு அகலம்னு பாத்தாலே அவருக்குக் கணக்கு வந்துடும். மாமியார் அன்னைக்கு ராத்திரி சாப்பிட மாட்டாங்க. மோனே அந்தப் போரை ஒரே வருசத்துல 25 தடவை பாத்தார்னு படிச்சப்ப, எங்க வீட்டு வாமியை 25 தடவைக்கு மேல பாத்த ரெண்டு பேரை நெனச்சுக்கிட்டேன். ஒருத்தர் கடன்காரர், இன்னொருத்தர் மாமியார்.

ஆள் இல்லாத படம்னு நீங்க கேட்டது நியாயமான கேள்வி. ஆள் இருக்கிற படமும் உண்டு. மில்லேன்னு மோனேவுக்கு முந்தின தலைமுறை ஓவியர். 1857-ல கதிர் பொறுக்கற மூணு பொம்பளைங்களை வரைஞ்சார். அறுத்து முடிஞ்ச வயல்ல குனிஞ்சு, விழுந்த கதிரை ஒண்ணொண்ணாப் பொறுக்கறாங்க. பின்னால தூரத்துல பாத்தீங்கன்னா இதே மாதிரி பெரிய பெரிய போர், வண்டி, ஆளுங்க கூட்டம், குதிரைமேல ஒரு மேஸ்திரி. போர் ஒருத்தருக்கு, பொறுக்கினது இன்னொருத்தருக்கு. அந்தப் பொம்பளைங்க முதுகைப் பாத்தா எனக்கு எங்க அம்மா முதுகு. மோனே படத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனா போருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்ச பிறகு மோனே படத்தையும் இன்னொரு தடவை பாக்கணும்னு தோணுது.


கட்டுத்தரை, கொழிஞ்சாம்பாறை பக்கம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நாலு நாளா எழுத முடியலை, ஒரு மாடு கன்னு போட்டுருச்சு. நல்லா இருக்குது, கிடாரிக் கன்னு.

முதல்ல வேட்டிக் கதையைச் சொல்லிர்றேன். இப்ப எங்க களத்துல போர் இல்லைங்க. மிஷின் சுத்திக் கொடுத்த வைக்கோல் உருளைதான் அடுக்கி வெச்சிருக்கேன். அதோட நிழல்ல, வாத்தியார் சொன்ன மாதிரி, பொங்கலுக்குக் கட்ட வெச்சிருந்த புது வேட்டியை விரிச்சேன். காத்து தூக்கிட்டுப் போகப் பாத்துச்சு, நாலு மூலைக்கும் கல்லு. அஞ்சே கால் மணி இருக்கும். முதல்ல ஒண்ணும் தெரியலை, சாம்பல் நிறமாத்தான் இருந்துச்சு. கையைச் சுருட்டி வெச்சுப் பாத்தேன். நிழல்ல இருந்த பாதி நீலமா இருந்துச்சுங்க. துணி வெளுக்கப் போடற நீலம் கொஞ்சம் கூடிப் போனா இருக்குமே, அந்த நீலம். கையை எடுத்துட்டு வெயில்பட்ட பாதியையும் சேத்துப் பாத்தா, அந்த ஓரத்துல மட்டும் கத்திரிப்பூ. கொஞ்ச நேரத்துல அதுவும் போயிருச்சு. ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், எம்பது வயசு. "வேட்டியில அழுக்குப் படும், எடுறா"ன்னுச்சு. அப்புறம் அதுவே குனிஞ்சு கையைச் சுருட்டிப் பாத்துட்டு, "ஆமாடா"ன்னுச்சு.

மகளுக்குப் போன் போட்டு, நீ சொன்னது சரின்னு சொல்லிட்டேன்.

இப்ப மிஷின் விசயம். வாத்தியார் அதை எழுதினப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. மலையாளத்தார் கன்னிக் கொய்த்துன்னு சொல்ற முதல் போகம் எங்களுக்குப் புரட்டாசியில அறுப்பு. அறுப்பு மிஷின் தமிழ்நாட்டுல இருந்துதான் வரோணும். வயல்ல ஈரம் இருந்தா டயர் வண்டி எறங்காது, பெல்ட் வண்டிதான் வேணும். சித்தூர்த் தாலூகா, ஆலத்தூர், நெம்மாரா, எல்லாப் பக்கமும் ஒரே வாரத்துல கேக்கறாங்க. மிஷின்காரன் எங்க பெரிய வயல் சேந்தாப்புல இருக்குதோ அங்கதான் முதல்ல போவான். ரெண்டரை ஏக்கர்க்காரன் முறை கடைசியிலதான்.

நாலு வருசம் முந்தி ஒரு புரோக்கர் நாளைக்கு, நாளைக்குன்னு ஒன்பது நாள் சொன்னாரு. முன்பணமும் வாங்கியிருந்தாரு. நெல்லு முத்தி நின்னுட்டு இருக்குது. ஒன்பதாம் நாள் ராத்திரி மழை புடிச்சது. அடுத்த நாள் காலைல பாத்தா வயல் முழுக்கப் பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கிடக்குது. மூணாம் நாள் கதிர்லயே முளை விட்டுருச்சு. அருவா எடுத்து நானும் வீட்டுக்காரியும் அறுத்தது போக, மிச்சத்தை மாட்டை விட்டு மேய விட்டேன்.

அந்த ஒன்பது நாள் நான் என்ன பண்ணினேன்னு யோசிச்சுப் பாக்கறேன். காலைல வரப்புல போய் நின்னு வயலைப் பாப்பேன். மத்தியானம் பாப்பேன். மேகம் வந்தா ஓடிப் போய்ப் பாப்பேன். சாயங்காலம் வெயில் சாஞ்சு கதிரெல்லாம் செம்பு மாதிரி ஆகும், அப்பவும் பாப்பேன். அந்த வயல் அவ்வளவு அழகா இருந்ததை நான் அதுக்கு முன்னாலயும் பாக்கலை, பின்னாலயும் பாக்கலை. பயத்துல பாத்ததால அப்படித் தெரிஞ்சுதோ என்னவோ. ஒவ்வொரு நாழிகைக்கும் நிறம் மாறினது எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது.

ஜிவெர்னியில அந்தப் போருக்குச் சொந்தக்காரரும் மார்ச் மாசம் வரைக்கும் அப்படித்தான் பாத்திருப்பாரு. மோனே வெளிச்சத்துக்காகப் பாத்தாரு, அந்த வெவசாயி மிஷினுக்காகப் பாத்தாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே போரைப் பாத்துட்டு நின்ன நாளும் இருந்திருக்கும்.

இன்னொண்ணும் கவனிச்சேன். ஆளைத் தேடித் தேடிப் பாத்ததுல, பின்னால இருக்கிற வீட்டுக் கூரை கண்ணுல பட்டுச்சு. போரோட கூரையும் அந்த வீட்டுக் கூரையும் ஒரே சாய்வுங்க. போரும் ஒரு வீடு மாதிரியே நிக்குது. நகரி அம்மிணி சொன்ன மாதிரி, அந்த வீட்டுக்குள்ள இருக்கிற யாரோ ஒருத்தருக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கியிருக்காது. நான் இப்ப ஆளைத் தேடறதை விட்டுட்டேன். அந்தக் கூரைக்குள்ள இருக்காங்க.


தூரிகை, புளியரை:

அண்ணாச்சி, நீங்கள் எழுதிய அந்த ஒன்பது நாளை இரண்டு முறை படித்தேன். என் மகனிடமும் படித்துக் காட்டினேன்.

ஊர்க்காரர்களுக்கும் மோனேவுக்கும் நடுவே என்ன இருந்தது என்று தேடிப் படித்ததில் இரண்டு செய்தி உங்களுக்குச் சொல்லத் தகும்.

போர்களை முடித்த கையோடு, 1891-இல் ஏப்த் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற நெட்டிலிங்கம் போன்ற உயர்ந்த மரங்களை வரையத் தொடங்கினார். பாப்லர் மரம். பாதி வரைந்திருக்கும்போது பக்கத்து ஊரான லிமெட்ஸ் நிர்வாகம் அவற்றை ஏலம் விட்டது. மரம் ஊருக்குச் சொந்தம். விற்றுக் காசாக்கத்தான் வளர்த்தார்கள். மோனே ஏலம் எடுத்த மர வியாபாரியிடம் பேசி, பணம் கொடுத்து, தான் வரைந்து முடிக்கும் வரை வெட்டாமல் நிறுத்தி வைத்தார். முடித்தபின் மரம் வெட்டப்பட்டது. இப்போது அந்த வரிசை படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது, 1893. தோட்டத்தில் குளம் வெட்டி, ஏப்த் ஆற்றின் கிளை ஒன்றிலிருந்து தண்ணீரைத் திருப்ப அனுமதி கேட்டார். உலகமே கொண்டாடுகிற அல்லிக் குளம் அதுதான். ஊரார் எதிர்த்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் துணி துவைத்தார்கள், மாடு குடித்தது. இவர் கொண்டுவந்து வைக்கிற வெளிநாட்டுச் செடியால் தண்ணீர் விஷமாகும் என்று பயந்தார்கள். மோனேவுக்கு மிகுந்த கோபம். கடிதம்மேல் கடிதம் எழுதினார். கடைசியில் அந்த ஜூலையில் அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையை ஓவியம் படித்தவர்கள் சொல்லும்போது ஊரார் ஒன்றும் தெரியாதவர்கள் என்பதுபோலச் சொல்வார்கள். நானும் வகுப்பில் அப்படிச் சொன்னவன்தான். வாய்க்கால் கடைமடையில் இருக்கிற உங்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


கட்டுத்தரை, கொழிஞ்சாம்பாறை பக்கம்:

வாத்தியாருங்களே, நான் அந்த ஊர்ல இருந்திருந்தா நானும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பேனுங்க. ஆழியாத்துத் தண்ணி மூலத்தறை தாண்டி எங்க மடைக்கு வந்து சேர்றதுக்குள்ள எத்தனை பேரோட மல்லுக்கட்டறோம்னு எங்களுக்குத்தான் தெரியும். அதே சமயம் அந்த மரத்துக்குப் பணம் கட்டி நிறுத்தி வெச்சாரே, அது எனக்குப் பிடிச்சிருக்குது. மரம் ஊருக்குக் காசு. அந்தக் காசைக் குறைக்காம, தன் கைக்காசைப் போட்டு நாள் வாங்கினாரு.

ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். மாசியில ரெண்டாம் போகம் அறுப்பு. கிழக்கு ஓரத்துல இருபது சென்ட்டை மிஷினுக்கு விடாம அருவாள்லயே அறுக்கப் போறேன். மிஷின்ல போன வைக்கோல் நசுங்கிப் போயிரும், போருக்கு நிக்காது. கட்டுக் கட்டத் தெரிஞ்ச ரெண்டு ஆத்தாமாரு இன்னும் ஊர்ல இருக்காங்க, பேசிட்டேன். அடிக்காம, கதிர் உள்ள வெச்சு ஒரு பத்து நாள் நிறுத்தி வெக்கலாம்னு இருக்கேன். மாசியில எங்க பக்கம் மழை வராது, தைரியமா வெக்கலாம். மக லீவு போட்டுட்டு வரேன்னுச்சு. கித்தான் எத்தனை வேணுமோ கொண்டா, ஓடி ஓடி எடுத்துக் குடுக்க நான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன்.

வாத்தியாரும் வரோணும். செங்கோட்டையில பாலருவி ரயில் ஏறினா பாலக்காட்டுலயே வந்து எறங்கலாம். அங்க இருந்து கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் இருக்குது, நான் ஸ்டாண்டுக்கு வந்துர்றேன்.

ஒரே ஒரு விசயம்தான் தெரியலை. எங்கய்யன் கதிர்ப் போருக்குக் கூரை மேஞ்சு நான் பாத்ததில்லை. பனையோலை போட்டா படத்துல இருக்கிற கூம்பு வராது. வைக்கோல்லயே மேயறதுன்னா எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கோணும்? காத்து வேற நிக்காம அடிக்கும்.


வாமி, நகரி பக்கம்:

அண்ணா, கீழ் ஓரத்துல இருந்து ஆரம்பிங்க. தாள் நுனி கீழ பாக்கணும். ஒவ்வொரு வரிசையும் அதுக்கு முந்தின வரிசைமேல ஒரு முழம் ஏறி நிக்கணும். உச்சிக்கு வந்ததும் ஒரு கட்டு வைக்கோலை நுனியில கட்டி, குடை மாதிரி விரிச்சுக் கவுத்துடுங்க. காத்துக்கு உங்க அப்பா பண்ணின மாதிரியே பிரியும் கல்லும். மேயறதுக்கு முன்னாடி வைக்கோல்ல தண்ணி தெளிச்சு ஒரு மணி நேரம் வெச்சிடுங்க, ஒடியாது.